பாலில் போட்ட ஓபல்

இசைவாணிக்குப் பாலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். குடிக்கிற பாலைச் சொல்லவில்லை, கல்லைப் போட்டுப் பார்க்கிற பாலைச் சொல்கிறேன். சிதம்பரம் கீழவீதியில் அவள் வேலை பார்த்த ராசிக்கல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "பால்ல போட்டா பால் கலர் மாறணுமாமே?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்கள். நீலக்கல்லைப் போட்டால் பால் நீலமாக வேண்டும், மாணிக்கத்தைப் போட்டால் சிவக்க வேண்டும். சாயம் போகிற புடவையைக் கடைக்காரன் முகத்தில் எறிகிற அதே ஜனம், கல்லில் மட்டும் சாயம் போனால்தான் ஒரிஜினல் என்று நம்பியது. இதை யார் கிளப்பிவிட்டார்களோ, அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் அவரையே ஒரு ராத்திரி பாலில் ஊறப்போட வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் அன்புமணியிடம் பல்லைக் கடிப்பாள். மின்வாரியத்தில் வேலை பார்த்த அந்த நல்ல மனிதர், "விடு இசை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவள் பிறந்தது குறிஞ்சிப்பாடி. அப்பாவுக்குக் கடலைக்கொல்லையும் கொஞ்சம் முந்திரியும் இருந்தன. பெண் ஜியாலஜி படிக்கப் போகிறாள் என்றதும், "கல்லைப் பத்திப் படிச்சிட்டு இன்னா பண்ணப் போறா, ஜல்லி உடைக்கவா?" என்று தெருவே கேட்கிற மாதிரிச் சிரித்தார். டீச்சர் டிரெயினிங் சேர்த்துவிட்டு, அடுத்த தையில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அம்மாவின் அண்ணன் சின்னையன்தான் குடிகாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து குறுக்கே நின்றார். "படிக்கட்டும் மச்சான். அவளுக்கு எது புடிக்குதோ அதைப் படிக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார். குடிகாட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவர் பிளாண்ட் ஆபரேட்டர். அவர் பேச்சைத் தட்ட அப்பாவுக்குத் தைரியம் கிடையாது.

2003இல் எம்.எஸ்ஸி. முடித்தாள். மெட்ராஸில் ஆறு மாதம் கல் பரிசோதனை படித்தாள். அடுத்த வருஷம் கீழவீதிக் கடையில் சேர்ந்தாள். மூலையில் ஒரு மேசை, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், ஒரு விளக்கு, இரண்டு மூன்று கருவிகள். முதலாளி ராமாமிர்தம் அந்த மேசைக்கு மேலே 'பட்டம் பெற்ற நிபுணரால் பரிசோதிக்கப்படும்' என்று போர்டு எழுதி மாட்டினார். பரிசோதித்து அவள் என்ன சொன்னாள் என்பதில் மட்டும் அவருக்கு அக்கறை இல்லை.

அந்தக் காலம் ராசிக்கல்லுக்குப் பொற்காலம். காலையில் டிவியைப் போட்டாலே ஒருவர் விரல் விரலாகக் காட்டிக்கொண்டிருப்பார். சுக்கிரன் சரியில்லாதவர்களுக்கு வைரம், வைரத்துக்கு வழியில்லாதவர்களுக்கு ஓபல் என்று அவர் சொல்லிவைக்க, ஓபல் என்ற பெயரையே கேள்விப்பட்டிராத ஊரில் மாதத்துக்கு ஐம்பது பேர் ஓபல் கேட்டு வந்தார்கள். பால் வெள்ளைக் கல். திருப்பினால் உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடும். ராமாமிர்தம் மூன்று தட்டு வைத்திருந்தார். ஒன்றில் பூமியிலிருந்து எடுத்த ஓபல். இன்னொன்றில் அதே கல்லைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, ஆசிட்டில் கருக்கி, நிறம் எடுப்பாகத் தெரியும்படி சரிக்கட்டியது. மூன்றாவதில் முழுக்க ஆலையில் வளர்த்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆலைக்கல்தான் ஜோராக இருக்கும், அதுதான் அதன் குற்றம். லென்ஸை வைத்துப் பார்த்தால் அதன் நிறத்திட்டுகள் பல்லித்தோல் மாதிரி ஒரே அளவில் வரிசை கட்டி நிற்கும். பூமி அப்படி வரிசை கட்டாது. அங்கே நிறம் இஷ்டத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிதறும்.

"மூணுக்கும் பேரு ஓபல்தானே மேடம்" என்பார் ராமாமிர்தம்.

"பில்லுல செயற்கைன்னு எழுதணும் சார்."

"எழுதிட்டா எவன் வாங்குவான்?"

அவள் எழுதினாள். அவர் அந்த இடத்தின் மேலேயே கடையின் ரப்பர் ஸ்டாம்ப்பைக் குத்தினார். வாங்க வந்தவர்களிடமே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அது இன்னும் மோசம். "ஜோசியரு இதுதான் நல்ல கல்லுன்னாரு, நீ யாரும்மா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். இது ஆலையில் செய்தது என்று சொன்னதற்காக, சீர்காழியிலிருந்து வந்த ஒருவர் அவள் மேசைமேல் இருந்த தண்ணீரைத் தட்டிவிட்டுப் போனார். நிஜக்கல் மங்கலாக இருப்பதால் அது போலி என்றும், போலி பளபளப்பதால் அதுதான் நிஜம் என்றும் வந்தவர்கள் முடிவு கட்ட, கரடியாகக் கத்தி இவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஏழு வருஷம். ஒருநாளாவது, ஒரே ஒருவராவது, நீ படித்தவள், நீ சொன்னால் சரி என்று கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அப்படி இருந்த ஒரே ஆள் சின்னையன் மாமாதான். கம்பெனியில் யாராவது மோதிரம், கல் என்று பேச்செடுத்தால் அவரே பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிடுவார். "என் தங்கச்சி மவ. அவ அந்த லென்ஸை வச்சிப் பாத்துச் சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீலே கெடையாது" என்று கடையே திரும்பிப் பார்க்கிற குரலில் சொல்வார். ராமாமிர்தம் கூட அன்றைக்கு அவள் சொன்ன தட்டிலிருந்துதான் கல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களில் அவள் வீட்டுக்குப் போய் அன்புமணிக்குக் கேசரி கிண்டுவாள்.

2011 வைகாசிக் கடைசியில் மாமா தனியாக வந்தார். அவர் பெண் வெண்மதிக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. வந்த வரன்கள் எல்லாம் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. திருவந்திபுரத்தில் சுப்புராயன் என்ற ஜோசியரிடம் ஜாதகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சுக்கிரன் படுத்துக் கிடக்கிறான், ஓபல் போட்டால் எழுந்துகொள்வான் என்று சொல்லிவிட்டு, அந்த ஜோசியர் மேசை டிராயரைத் திறந்து தன்னிடமே இருந்த கல்லை எடுத்திருக்கிறார்.

"நான் வேணாம்னுட்டேன் பாப்பா. எங்க வூட்லயே ஆளு இருக்கு, அவ குடுப்பான்னு சொல்லிட்டேன். அவுருக்கு மொகமே சுருங்கிப் போச்சு" என்று மாமா சிரித்தார்.

இசைவாணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வாரம்தான் ஜெய்ப்பூரிலிருந்து ஒரு பொட்டலம் வந்திருந்தது. எத்தியோப்பியாவிலிருந்து புதிதாக வரத் தொடங்கியிருந்த ஓபல். அதுவரை அவள் படித்ததும் பார்த்ததும் ஆஸ்திரேலியக் கல்தான். இதை லென்ஸில் வைத்தபோது உள்ளே நெருப்புத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. வரிசையும் இல்லை, பல்லித்தோலும் இல்லை. அரை நாள் உட்கார்ந்து, பொட்டலத்திலேயே நல்லதாக ஒரு முட்டை வடிவக் கல்லைப் பொறுக்கினாள்.

"இதைத் தனியா ஒரு ராத்திரி பால்லயும் மஞ்சத்தண்ணியிலயும் போட்டுப் பூஜை பண்ணிட்டு, வெள்ளிக்கெழம காலையில ஆசாரிகிட்ட குடுத்து மோதிரத்துல பதிக்கச் சொல்றாரு ஜோசியரு. ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்று மாமா கேட்டார்.

"தாராளமா போடுங்க மாமா. இது சாயம் போற கல்லு இல்ல. பத்து நாள் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்."

இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. மாமாவின் மனைவி இருசம்மாள் அத்தை. "என்னாடி குடுத்த? கல்லு செத்துப் போச்சுடி" என்றாள்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் குடிகாட்டுக்கு ஓடினாள். பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள் கலந்த பால். அதிலிருந்து எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்திருந்தார்கள். வெண்மையும் இல்லை, நெருப்பும் இல்லை. மஞ்சளோடிய சோடாபாட்டில் சில்லு மாதிரிக் கிடந்தது. இலையின் நரம்பு அதன் வழியே தெரிந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. இப்படி ஆகும் என்று அவள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

"எப்படி ஆச்சுன்னு தெரியல மாமா" என்றாள். அந்த ஏழு வருஷத்தில் அவள் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். மாமா கல்லை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு இலையிலேயே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானமே சுப்புராயன் ஜோசியர் வந்து பார்த்துவிட்டு, இது தோஷம் பிடித்த கல், பெண்ணின் விரலுக்குப் போகும் முன்னே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, தப்பித்தீர்கள் என்றார். நாற்பத்தெட்டு நாள் அதைச் செம்பு டம்ளரில் தண்ணீருக்குள் மூடி வைக்க வேண்டும். ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடலில் விட்டுவிட வேண்டும். அதுவரை ஒரு நிமிஷம்கூடத் தண்ணீருக்கு வெளியே எடுக்கக் கூடாது. சொல்லிவிட்டு, பையிலிருந்து தன் கல்லை எடுத்து அதே பாலில் போட்டார். மறுநாள் காலை அது போட்டபடியே ஜொலித்தது. வெண்மதியின் விரலில் ஏறிய மூன்றாம் நாள், விருத்தாசலத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது.

இசைவாணி மெட்ராஸில் தனக்குப் பாடம் எடுத்த வைத்திலிங்கம் சாருக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எத்தியோப்பியாக் கல்லுதானே? நாக்குல வச்சுப் பாத்தியா? ஒட்டியிருக்குமே" என்றார். அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணாடியாகிவிடும், நிழலில் மெதுவாகக் காயவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் நிறமெல்லாம் திரும்பிவிடும், மஞ்சள் கறை மட்டும் கொஞ்சம் நிற்கும் என்றார். "புதுச் சரக்கும்மா. நாங்களே இப்பதான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம்."

அவளுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கல் காய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைத் தண்ணீரில் அல்லவா போட்டு வைத்திருக்கிறார்கள்! டம்ளரைக் கவிழ்த்தால் தீர்கிற காரியம். நாற்பத்தெட்டு நாள் தண்ணீரிலேயே கிடந்தால் அது நாற்பத்தெட்டு நாளும் செத்த கல்தான், பிறகு கடலில் போகும், இவள் பேச்சும் அதோடு போகும்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போனாள். மாமா வீட்டில் இருந்தார்.

"உங்க பிளாண்ட்ல சிலிக்கா ஜெல் போடுவீங்கல்ல மாமா, நீலமா குருணை குருணையா? ஈரம் இழுத்தா இன்னா ஆகும்?"

"ரோஸாயிடும்."

"அப்புறம்?"

"ஓவன்ல போட்டுக் காய வச்சா மறுபடி நீலமாயிடும். வாரத்துக்கு ரெண்டு வாட்டி நான்தான் மாத்தறேன். அதுக்கு இன்னா?"

"இந்தக் கல்லும் அதேதான் மாமா. இதுவும் சிலிக்காதான். ஈரம் இழுத்துடுச்சு. வெளியில எடுத்து ரெண்டு வாரம் வைங்க. தானா திரும்பிடும். எனக்கு அன்னிக்குத் தெரியல, அது என் தப்புதான். ஆனா கல்லு தப்பில்ல."

மாமா தாடையைத் தேய்த்துக்கொண்டு சாமி மாடத்தைப் பார்த்தார். அங்கே செம்பு டம்ளர் தட்டால் மூடியிருந்தது. அவர் முகத்தில் ஏதோ ஓடியது. யோசிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்த வெண்மதியின் கையைப் பிடித்து இழுத்து, லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டாள். பல்லித்தோல். வரிசை வரிசையாக.

"இது ஃபாக்டரியில செஞ்சது மாமா. பாலுக்கு இது எப்படி மாறும்? பிளாஸ்டிக்கைப் பால்ல போட்டாகூடத்தான் மாறாது!"

அவ்வளவுதான். அடுப்படியிலிருந்து அத்தை வந்துவிட்டாள். "உன் கல்லுதான் செத்துச்சு. இப்ப வாழ வந்த கல்லையும் சாவடிக்க வந்தியா? விருத்தாசலத்துக்காரங்க நாளைக்குத் தட்டு மாத்த வரேன்றாங்க. நீ ஒண்ணும் சொல்லாத தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

மாமா எழுந்துகொண்டார். "சிலிக்கா ஜெல்லு மருந்து, பாப்பா. இது சாமி காரியம். ஆடி அமாவாசை வரைக்கும் கெடக்கட்டும்" என்றார். அத்தைக்குக் கேட்பதற்காகச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மனசாரத்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் ஓர் ஆள் நம்பினார், அந்த ஓர் ஆளும் போய்விட்டார். அதுவும் எதனால்? ஒரு டம்ளர் தண்ணீரால். கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய கண்ணாடிக் கற்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. ஒருநாள் அந்த டப்பாவைக் கொட்டி, அதே முட்டை வடிவம், அதே அளவு, லேசாக மஞ்சளோடியது ஒன்றைத் தேடி எடுத்தாள். எடுக்கும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான், நடுங்கவில்லை. ஏழு வருஷமாக ஒருவருடைய கல்லையும் மாற்றாத கை அது. இந்த ஒரு தடவை, உண்மைக்காகத்தானே என்று அந்தக் கைக்கும் சமாதானம் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாமா காலை ஷிஃப்ட். வெண்மதி தையல்கடைக்குப் போயிருந்தாள். அத்தை மனசு ஆறாமலே, "காபி போடறேன், குந்து" என்று உள்ளே போனாள். பால் பொங்குகிற நேரம்தான். தட்டைத் தூக்கி, இரண்டு விரலை விட்டு, கல்லை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, தட்டை மூடினாள். வந்து உட்கார்ந்தாள். அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினாள். வாசலில் கண்ணைத் துடைத்ததை அத்தை பார்த்துவிட்டாள்.

சிதம்பரத்தில் பீரோவுக்கு மேலே, பஞ்சு வைத்த டப்பாவில், மூடி இல்லாமல் கல் காய்ந்தது. முதல் நான்கு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் ஓரத்தில் சோற்றுக்கஞ்சி படிந்த மாதிரி ஒரு வெண்மை. ஒன்பதாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள், பேஸ்ட் நுரையோடு அன்புமணியை எழுப்பினாள். உள்ளே ஊசிமுனை அளவு ஒரு சிவப்பு. பதிமூன்றாம் நாள் முழுக்கத் திரும்பியிருந்தது. சிவப்பு, பச்சை, நடுவில் ஒரு நீலத் தீற்று. வெண்மையில் மட்டும் மஞ்சள் கொஞ்சம் நின்றுவிட்டது. நாக்கில் வைத்தாள். சட்டென்று ஒட்டிக்கொண்டது. சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பஞ்சில் சுற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு குடிகாட்டுக்குப் பஸ் ஏறினாள். மாமாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தாள்.

அத்தையும் வெண்மதியும் முகூர்த்தப் புடவை எடுக்கக் கடலூருக்குப் போயிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் மாமா, "வா பாப்பா, நானே உனக்குப் போன் போடணும்னு இருந்தேன்" என்று கதவைச் சாத்தினார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். பாட்டில் நிறைய நீலக் குருணை. சிலிக்கா ஜெல்.

"அன்னிக்கு நீ வந்து ஒரு வார்த்தை பேசாம போயிட்டன்னு உங்க அத்தை சொன்னா. வாசல்ல அழுதியாம். எனக்கு மனசு கேக்கல. மறுநாளே எடுத்துட்டேன்."

"எதை மாமா?"

"கல்லைத்தான். ஜோசியருக்கும் சொல்லல, உங்க அத்தைக்கும் சொல்லல. டம்ளர்ல வெறும் தண்ணிதான் இருக்கு, அதுக்குத்தான் அவ தெனம் பூ வச்சிக்கிட்டு இருக்கா. கம்பெனியிலேர்ந்து நல்லா வறுத்த ஜெல்லாக் கேட்டு வாங்கியாந்து, கல்லைத் தொடச்சி நடுவுல பொதைச்சு மூடி வச்சேன். ஓபனா காய வக்கறதைவிட இது நல்லா ஈரத்தை இழுக்கும்ல? என் தங்கச்சி மவ சொன்னா அது தப்பா இருக்காதுன்னு எனக்குள்ள ஒரு இது."

அவர் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தார். நீலக் குருணைக்கு நடுவே கண்ணாடி உருண்டு வந்து நின்றது.

"பதினெட்டு நாள் பாப்பா. ஒண்ணும் மாறல. அது கூடப் பரவால்ல. ஜெல்லைப் பாரு. ஒரு குருணைகூட ரோஸாவல. கல்லுல ஈரம் இருந்தா இது சும்மா இருக்குமா? இருபத்தஞ்சு வருஷமா இதானே என் பொழப்பு. அந்தக் கல்லுல தண்ணியே இல்ல. நீ சொன்னது…" என்று நிறுத்தினார். அவளைப் புண்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்று அவர் தேடுவது தெரிந்தது.

இசைவாணி கையைத் திறந்தாள். பஞ்சு விலகியது. ஜன்னல் வெயிலில் கல் சிவந்து, பச்சையாகித் திரும்பியது. மாமா அதைப் பார்த்தார். தட்டில் இருந்ததைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. அவள் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள். கண்ணாடி டப்பா, செவ்வாய்க்கிழமை, காபி, எல்லாவற்றையும். நாக்கில் வைத்துப் பாருங்கள், ஒட்டும் என்றாள். அவர் வைத்துப் பார்க்கவில்லை.

"நான் மாத்தி வச்சதைத்தான் நீங்க காய வச்சிருக்கீங்க மாமா. நான் சொன்னது பொய்யில்ல. இதோ பாருங்க, திரும்பிடுச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"கேட்டேனே மாமா. நீங்கதான் சாமி காரியம்னு…"

"ரெண்டாவது வாட்டி கேட்டிருக்கலாம்ல" என்றார் மாமா. கோபமே இல்லாத குரல். "உங்க அத்தை எதுருல நான் வேற இன்னா சொல்வேன்? உனக்குத் தெரியாதா என்னை?"

யாரும் என்னை நம்புவதில்லை என்று ஏழு வருஷமாக மூக்கால் அழுதவள், நம்பிய ஒரே மனிதரை நம்பி இன்னொரு தடவை கேட்கவில்லை. ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் இதற்கு உதவவில்லை. மாமா குருணையை ஒரு மணி விடாமல் பாட்டிலுக்குள் அள்ளினார். கண்ணாடியை எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி மாடத்து டம்ளரில் போட்டு மூடினார்.

"அது உன்கிட்டயே இருக்கட்டும். வெண்மதி கையில இருக்கறதை இப்ப கழட்டச் சொன்னா வூடு ரெண்டாயிடும். உங்க அத்தை முருங்கைக்காய் பறிச்சி வச்சிருக்கா, போறப்ப எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினத்தில், மந்திரம் சொல்லி, மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணாடியைக் கடலில் விட்டார்கள். கல்யாணம் 2012 தையில். மார்கழிப் புயல் கடலூரையே புரட்டிப் போட்டிருந்ததால் மண்டபத்தின் ஒரு பக்கத்துக் கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மணமேடையில் ஆலைக்கல் வீடியோ விளக்கில் அப்படி ஜொலித்தது. சுப்புராயன் ஜோசியருக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். மாமா இசைவாணியைக் கண்டதும் எப்போதும்போலத் தலையைத் தடவி, "சாப்பிட்டியா பாப்பா?" என்றார். ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவப் போனபோது, தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் மாமா யாரோ கம்பெனிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மகனுக்கு ஒரு கல் பார்க்க வேண்டும், உன் தங்கச்சி மகள் சிதம்பரத்தில் இருக்கிறாளே என்று அவர் கேட்டார்.

"இருக்கா. நல்லாப் படிச்ச பொண்ணு, பொய் சொல்ல மாட்டா. தைரியமா காட்டு" என்றார் மாமா. ஈரக்கையோடு இசைவாணி அப்படியே நின்றாள். மாமா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "ஆனா கல்லை உன் கையிலயே வச்சிக்கிட்டுக் காட்டு."